முத்து விளையாத கார்

1972 நவம்பர் நான்காம் தேதி, சனிக்கிழமை காலை, கிருபாநிதியின் காரில் பழைய எண்ணெயைத் திறந்துவிட்டபோது எண்ணெயோடு ஒன்பது முத்துகளும் தகரச் சட்டியில் விழுந்தன. ஐந்து பொடி, மூன்று நடுத்தரம், ஒன்று பட்டாணி அளவு. அன்று தூத்துக்குடியில் வாடைக்காற்று அடித்தது, சீலா மீன் வரத்து சுமார், துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன. வேறு யாராக இருந்தாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியிருப்பார்கள். கிருபாநிதிக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் துறைமுகப் பட்டறையில் ஃபோர்மேன். இருபத்திரண்டு வருடமாகக் கிரேனும் இழுவைப் படகும் அவர் சொன்னபடி கேட்டன. அவர் கைபட்ட எஞ்சினிலிருந்து எண்ணெயைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை என்று நாசரேத் வரைக்கும் பெயர். முதலில் அவற்றை பேரிங் குண்டுகள் என்றுதான் நினைத்தார். மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தபோது இளஞ்சிவப்பாக மினுங்கின. பேரிங் உடைந்திருந்தால் வேறு வாங்கிப் போட்டுவிடலாம். இதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் ஒரு கப்பல் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர். நாலு கதவு, ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், மிதித்தால் மணிக்கு நூற்றிருபது மைல். அடர்ந்த நீலம். முகப்பிலிருந்த பெயர்த்தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டதால் ஊரில் அதற்கு துரை கார் என்றே பெயர். துரைக்கு அதை ஓட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது. எட்டு வருடம் உடன்குடிப் பக்கத்துச் செம்மணலிலும் உப்பளக் காற்றிலும் விரட்டினார். காற்று வடிகட்டியை ஒரு நாள்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. 1971இல் சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது விலைக்கு வைத்தார். அது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு யார் வாங்குவார்கள்? கிருபாநிதி வாங்கினார். ஆயுசு முழுக்க அடுத்தவர் எஞ்சினுக்கு உழைத்தவருக்குத் தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. அவர் மனைவி ரோஸ், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “நல்ல சீக்காளியாப் பாத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. பத்தியம் யாரு பாக்கது?” என்று கேட்டார். பிறகு இரண்டு பேருமாகத்தான் பார்த்தார்கள்.

முத்தைப் பற்றிக் கேட்கத் தெருவிலேயே ஆள் இருந்தார். மூன்றாவது வீட்டு ரோச், வாலிப காலம் முழுக்க முத்துக் குளித்தவர். 1961க்குப் பிறகு கடலில் சிப்பி சரியாக விளையாததால் முத்துக்குளிப்புக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. ரோச் வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பட்டாணி முத்தை எடுத்துப் பல்லில் உரசிப் பார்த்து, அசல்தான் என்றார். ஆனால் கிருபாநிதியின் தோளைத் தட்டவில்லை.

“இதுல சந்தோசப்பட என்ன இருக்கு ஃபோர்மேன்? முத்துங்கது சிப்பிக்கு வந்த சீக்கு. உள்ள மண்ணு போயிருது. துப்ப முடியாது. உறுத்தல் தாங்காம மேல மேல பூசிக்கிடுது. சொகமான சிப்பியத் தொறந்தா ஒண்ணும் இருக்காது. உம்ம வண்டி வயித்துல மண்ணு கெடக்கு.”

இந்தக் கரையில் வாழும் எஞ்சின் இந்தக் கரையின் சிப்பி செய்வதைச் செய்கிறது, அவ்வளவுதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். இனி இந்த வண்டியிலிருந்து ஒரு முத்து விழக்கூடாது என்று கிருபாநிதி அன்று மத்தியானமே முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காருக்கு நடந்த கவனிப்பு தூத்துக்குடியில் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. சனிக்கிழமைதோறும் காற்று வடிகட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டினார். ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் ரேடியேட்டருக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றுத் தண்ணீர் கேனில் வந்தது, பாட்டரிக்கு மழைத் தண்ணீர். கடற்கரைப் பக்கம் போய்வந்தால், சோற்றுக்கு உட்காருமுன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பழைய எண்ணெயைத் தூரிகையால் பூசினார். புது எண்ணெயை டப்பாவிலிருந்து நேராக ஊற்றுவதில்லை. ரோஸ் டீச்சர் மல்துணியை நாலாக மடித்து வடிகட்டிக் கொடுத்த பிறகுதான் அது எஞ்சினுக்குள் போகும். கிளப்பியதும் விரட்டாமல் எஞ்சினைச் சூடேறவிடுவார். ஓடி வந்ததும் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து ஒவ்வொரு வால்வையும் தனித்தனியாக விசாரிப்பார். வேகத்துக்குப் பிறந்த வண்டி நிழலில் சும்மா நின்றால் கரி பிடிக்கும் என்று, ஞாயிறுதோறும் சாயர்புரம் வழியாக நாசரேத் கோயிலுக்குப் போகும்போது நேர்ரோட்டில் நாலு மைல் முழுசாக மிதிப்பார். ரோஸ் டீச்சர் ஒரு கையால் முக்காட்டையும் மறு கையால் பாட்டுப் புத்தகத்தையும் பிடித்துக்கொள்வார். பயந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த எண்ணெய் மாற்றத்தில் நான்கு முத்துகள் விழுந்தன. அதற்கடுத்ததில் ஒன்று. இறங்கிவரும் காய்ச்சலைப் போல அந்தக் கணக்கு கிருபாநிதிக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசி ஒன்றைத்தான் ஊர் பார்த்துவிட்டது. நகை வியாபாரி ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்து, வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மாதம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டிக் கொடுத்தால் போதும், புதுக் கார் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். கிருபாநிதி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். இரண்டு வாரம் கழித்து, கடல்விளைபொருள் அலுவலகத்திலிருந்து தளவாய் என்கிற ஆய்வாளர் சட்டப்புத்தகத்தோடு வந்தார். தாமிரபரணிக் கரை நெல்விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கடலைப் பார்த்தால் அவருக்குத் தலைசுற்றும், சட்டத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும். முத்து விளையும் இடம் எதுவோ அது முத்துப்பார் என்று முதல் பிரிவு சொன்னது. முத்துப்பார் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது இரண்டாவது. அது கடலடியில் இருக்கவேண்டும் என்றது மூன்றாவது. ஆகவே இந்தக் கார் முத்துப்பார்தான் என்று உறுதியானால், ஹார்பருக்கு வெளியே ஐந்து பாக ஆழத்தில், அதாவது முப்பது அடியில், இறக்கிவைக்கப்படும்.

“எனக்கு ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல அண்ணாச்சி,” என்றார் தளவாய். “மேல மிதவை போட்டு நம்பர் எழுதிருவோம். காணாமப் போகாது.”

இரண்டு வருடமாக உப்புக்கு எதிராக யுத்தம் நடத்தும் மனிதரிடம் இதைச் சொன்னார்கள். கிருபாநிதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தளவாய் நியாயமானவர். இனி வரும் மூன்று எண்ணெய் மாற்றங்களும் என் முன்னால் நடக்கட்டும், ஒரு முத்துகூட விழாவிட்டால் இது கார் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார். இதுவரை விழுந்த பதினான்கு முத்துகளையும் உறையில் போட்டு வாங்கிக்கொண்டு, எண்ணெய் திறக்கும் போல்ட்டுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

முதல் சோதனையில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவதிலும் விழவில்லை. மூன்றாவது 1974 செப்டம்பர் பதினெட்டு, புதன்கிழமை என்று குறித்திருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை மணப்பாட்டில் சிலுவைத் திருவிழா. ரோச்சின் மனைவி விக்டோரியா வருடம் தவறாமல் போகிறவர், அந்த வருடமும் போய்வந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரோஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக அந்த நல்ல சேதியைச் சொன்னார்.

“இனி ஒங்க வண்டிக்கு ஒண்ணும் வராது ஏளா. சிலுவைக் கோயில் மண்ணு கொண்டாந்து, எண்ணெ ஊத்துத வாயத் தொறந்து ஒரு சிட்டிக போட்டுட்டேன். மூணு மந்திரம் சொல்லித்தான் போட்டேன்.”

கடற்கரைக் கத்தோலிக்கர் காய்ச்சல்காரன் நெற்றியில் பூசுவது அந்த மண். படகில் தூவுவதும் அதுதான். அதை எஞ்சினுக்குள் போடலாகாது என்று விக்டோரியாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரோஸ் டீச்சர் அவரைத் திட்டவில்லை. அன்பில் செய்த காரியத்தைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. அரக்கு முத்திரையை உடைக்க வழியில்லை, எண்ணெயைத் திறந்துவிட முடியாது. விடிந்தால் தளவாய் வந்துவிடுவார். பட்டறையிலிருந்து ஓடிவந்த கிருபாநிதி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். தன் கார் இருட்டில், உப்புத் தண்ணீருக்குள், மேலே ஒரு மிதவையோடு நிற்பதை அவர் கண் பார்த்துவிட்டது.

ரோச் வந்து எட்டிப் பார்த்தார். “எத்தன பாகம் இருக்கும்?” என்று கேட்டார். எண்ணெய் எட்டு லிட்டர் என்றார் கிருபாநிதி. ரோச் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். வீட்டிலிருந்து கயிறும் மூக்கை அடைக்கும் கிடுக்கியும் வந்தன. காலில் கட்டும் கல் காணாமல் போயிருந்ததால் பட்டறையின் பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கட்டிக்கொண்டார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காளோ தங்கையோ தாலியறுக்கும்படி எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. விக்டோரியாவின் தம்பி அப்போது கொழும்பில் இருந்தான். ரோச் கயிற்றின் நுனியை கிருபாநிதியின் கையில் கொடுத்தார்.

“இன்னைக்கு நீருதான் மச்சான். ரெண்டு தடவ இழுத்தா தூக்கிரும்.”

எண்ணெய் ஊற்றும் வாய் மூன்று அங்குல அகலம். ரோச் தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு இறங்கினார். கயிறு மெதுவாகப் போய் நின்றது. ரோஸ் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், விக்டோரியா ஜெபமாலையை உருட்டினார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் கயிறு இரண்டு தரம் அசைந்தது. கிருபாநிதி தன் பலமெல்லாம் சேர்த்து இழுத்தார். மேலே வந்த ரோச்சின் உள்ளங்கையில் பதினோரு மணல்மணிகள் இருந்தன. இரண்டில் ஏற்கெனவே மினுமினுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார், ஆறு மணல்மணிகள் எடுத்தார். மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்தார். அறுபத்திரண்டு வயதில் அப்படிச் சிரித்து அவரை யாரும் பார்த்ததில்லை.

“ஒண்ணும் இல்ல மச்சான். சுத்தமாத் தொடச்சாச்சு. அம்புட்டுத் தெளிவு உள்ள. நம்ம கடல்ல நான் இப்பிடித் தெளிவப் பாத்ததே இல்ல. செயின் நேத்து மாட்டுனது கணக்கா இருக்கு. மூணாவது பிஸ்டன் பக்கம் லேசா ஒரு சத்தம் கேக்கு, அத மட்டும் பாத்துக்கிடும்.”

கிருபாநிதி அழுதுவிட்டார். பயம் தெளிந்த அழுகை இல்லை அது. தான் பார்த்த வேலையை உள்ளே போய்ப் பார்த்து ஒருவர் மெச்சியது இருபத்திநாலு வருடத்தில் அன்றுதான்.

புதன்கிழமை தளவாய் முத்திரையை உடைத்தார். தெருவே கூடி நின்றது, ஆவுடையப்பன் முன்வரிசையில் நின்றார். எண்ணெய் மல்துணி வழியாக வடிந்து முடிந்தது. தளவாய் துணியை விரல்களால் தடவி, உதறி, வெயிலில் பிடித்து, மறுபடி தடவினார். பிறகு பேனாவைத் திறந்து, மேற்படி பொருள் முத்துப்பார் அல்ல, கார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கார்தான் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்த கார் ஜில்லாவில் அது ஒன்றுதான். அன்றிலிருந்து விக்டோரியா கிருபாநிதியைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மூன்றாவது பிஸ்டன் சத்தத்துக்குக் காரணம் ஒரு தளர்ந்த நட்டு, அது சனிக்கிழமை சரியாயிற்று.

ஆவுடையப்பன் சும்மா இருக்கவில்லை. புதுக் கார் வாங்கி, வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேரிக்காட்டில் ஓட்டினார். இரண்டு கை நிறைய முத்து கிடைத்தது. ஆறாம் மாதம் திருச்செந்தூர் ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றது, பதநீர் ஏற்றிவந்த மாட்டுவண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். சிலருக்கு அப்படிச் செய்யாமலே, வெறும் அசட்டையால் விளைந்தது. லாரியில் விளைந்தது, டவுன் பஸ்ஸில் விளைந்தது, எண்ணெய் மாற்றச் சோம்பல்படுகிறவன் ஸ்கூட்டரில்கூட விளைந்தது. எல்லா வண்டியையும் கடலில் இறக்கினால் கப்பல் வர வழியிருக்காது என்று அலுவலகமும் விட்டுவிட்டது. 1978 வாக்கில் பட்டறைகளில் போல்ட் நட்டுக்கு ஒரு டப்பா, முத்துக்கு ஒரு டப்பா என்று வைத்திருந்தார்கள். பெண் கொடுக்கப் போகிற வீட்டார், பையன் வண்டியில் முத்து விழுமா என்று பட்டறையில் விசாரித்தார்கள், விழும் என்றால் சம்பந்தத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

1979 கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நாசரேத் கோயில் வாசலில் பதினேழு வண்டிகள் வந்து நின்றன. இறங்கிய பெண்களில் சிலர் கழுத்தில் முத்துமாலை கிடந்தது, சிலர் காதில் முத்துத் தோடு ஆடியது. வண்டியில் விழுந்ததைக் கோத்துக் கொடுத்துவிட்டானே புருஷன், போடாமல் என்ன செய்வது என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக நீலக் கார் வந்தது. இரண்டு நிமிடம் சும்மா ஓடி அடங்கியது. ரோஸ் டீச்சர் இறங்கி, எல்லோருக்கும் தெரியும்படி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வெறுங்காதோடு நடுவழியாக நடந்து முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.