மூத்தா முகம்

படத்துல அவ முகம் மங்கலா இருந்த வரைக்கும் அவளுக்கும் எனக்கும் பெருசா வம்பு இல்ல. அவ பேரு ரத்தினம். எங்க வீட்டுக்காரரு பாண்டிராஜுக்கு மொதத் தாரம், எனக்கு மூத்தா. மக செல்வி தவழுற வயசுல காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. மறு வருசமே பந்தல்குடியில அந்த வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்தேன்.

செவுத்துல அவ படம் ஒன்னே ஒன்னு உண்டு. செல்விக்குக் காது குத்துனப்ப யாரோ எடுத்தது. ஃபோகஸ் பூராவும் மடியில இருந்த புள்ள மேல. புள்ள காதுல கெடக்குற புதுக் கம்மல் கூடத் தெரியும், பின்னால இருக்கவ முகம் மட்டும் கலங்குன தண்ணிக்குள்ள பாத்த மாதிரி இருக்கும். கல்யாண ஆல்பத்தக் கறையான் தின்னுருச்சு. அவ பொறந்த வீட்டுலயும் இப்ப ஆளு இல்ல. வெள்ளிக்கெழம ஆனா அந்த மங்கலுக்குப் பூ வச்சு வெளக்குப் பொருத்துறது நான்தான். கும்பிடவும் செய்வேன், மனசுக்குள்ள வையவும் செய்வேன்.

ஏன் வையணும்னு கேப்பீக. வந்த புதுசுல ஆசையா கருவாட்டுக் கொழம்பு வச்சேன். அவுக ஒரு வாய் தின்னுட்டு, "ரத்தினம் வச்சா வேற மாதிரி இருக்கும்"னாக. அவ்வளவுதான். அன்னையில இருந்து எங்க வீட்டுல கருவாடே கெடையாது. சாப்புடுறப்பல்லாம் மனுசன் அந்தப் படத்துக்கு நேராத்தான் ஒக்காருவாரு. நாள் பூரா லோடு ஆட்டோ ஓட்டி அலுத்து வந்து, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே மேல பாப்பாரு. பக்கத்துல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருப்பேன். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

இப்ப செல்விக்குக் கல்யாணம் கூடியிருக்கு. நான் அருப்புக்கோட்டையில ராமசுப்பு அண்ணாச்சி ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர் பாக்குறவ. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலின்னு ஊரு ஃபிளக்ஸெல்லாம் என் கையிலதான் டிசைன் ஆகும். எம் மக கல்யாணத்துக்கும் நானே போடணும்னு ஆசை. அதுல வந்து ஒன்னு கேட்டா செல்வி.

"அம்மா, மேல எங்கம்மா படம் பெருசா வரணும்மா. மூஞ்சி தெளிவா வரணும். நான் ஒரு தடவையாச்சும் பாக்கணும்ல?"

என்னைய அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே 'எங்கம்மா'ங்குறா! ஃபிளக்ஸுல மேல ஆளுயரத்துக்குத் தெய்வத்திருமதி ரத்தினம் அவர்கள் நல்லாசியுடன். கீழ மாமன் சித்தப்பன் வரிசையில தீப்பெட்டி அளவுக்கு நானு. சரித்தான், கேட்டது புள்ளையாச்சே, மாட்டேன்னா சொல்ல முடியும்?

மத்தியானம் அண்ணாச்சி சாப்புடப் போனதும் படத்த ஸ்கேன் பண்ணிப் போட்டேன். போட்டோஷாப்புக்குள்ள சேத்துக்குற மாதிரி ஒரு பிளக்-இன் வாங்கிப் போட்டிருக்காரு அண்ணாச்சி. கை நடுங்கி எடுத்தது, ஃபோகஸ் தப்புனது எல்லாத்தையும் அது தெளிவாக்கிரும். கொஞ்ச மங்கல்னா நல்லாவே செய்யும். ரொம்ப மங்கல்னா, இருக்குறதத் தெளிவாக்க வழியில்லாம, அதுவா ஒரு முகத்த யோசிச்சு வச்சுரும்.

பட்டனைத் தட்டுனேன். மெல்ல மெல்ல ஒரு முகம் வந்துச்சு. ஆத்தாடி! அகலக் கண்ணு, எடுப்பான மூக்கு, அதுல எடது பக்கம் மின்னுற மூக்குத்தி. இவளப் பாத்துக்கிட்டுத்தான் மனுசன் இத்தன வருசம் சோறு தின்னாரா? இந்த அழகிய ஆளுயரத்துக்கு மேல ஏத்திட்டு, மண்டபத்து வாசல்ல நான் போயி அது கீழ நின்னு வாங்க வாங்கன்னு பன்னீர் தெளிக்கணுமா? ஊருல ஒருத்தியாவது ஜாடையா ரெண்டு பேரையும் பாக்காம விடுவாளா?

விடக் கூடாதுன்னு செட்டிங்க மாத்தித் திரும்ப ஓட்டுனேன். கன்னம் உப்புன வேற ஒருத்தி வந்தா, அவளுக்கு மூக்குத்தியே இல்ல. இன்னும் மாத்துனேன். நீள மூஞ்சியா, கண்ணு இடுங்கி, வலது பக்கம் மூக்குத்தியோட இன்னொருத்தி வந்தா. ஒன்னுக்கும் ஒன்னுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. மிஷினு ரத்தினத்தக் கண்டுச்சா என்ன? வாய்க்கு வந்தத ஒளறுற மாதிரி கைக்கு வந்த முகத்தப் போடுது.

எனக்கு அதுவும் நல்லதாப் போச்சு. கடைசியா வந்தவதான் இருக்குறதுலயே சுமாரு. இனிமே இவதான் ரத்தினம்னு முடிவு பண்ணிட்டேன். பாவந்தான். ஆனா அந்த நேரத்துல எனக்குப் பாவ புண்ணியம் எதுவும் தெரியல.

லோடு எறக்கிட்டு எங்க வீட்டுக்காரரு ஸ்டூடியோவுக்கு வந்தாக. திரையக் காட்டுனேன். மேசையப் புடிச்சுக்கிட்டு நின்னாக. கண்ணு பொலபொலன்னு ஊத்துது.

"இவதான்... அப்படியே இருக்கா தங்கமாரி!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. பெறகு என்னமோ சுருக்குன்னு தச்சுச்சு. கன்னம் உப்புனவளக் காட்டுனேன்.

"இது இன்னும் கரெக்டா இருக்கு."

அழகியக் காட்டுனேன்.

"ஆமா, ஆமா. இவதான்."

"கூறு இருக்கா உங்களுக்கு? எல்லாரும் வேற வேற பொம்பளைக! ஒருத்தி கூட ரத்தினம் இல்ல. அக்காவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஸ்டூல்ல பொத்துன்னு ஒக்காந்துட்டாக.

"தெரியலத்தா. அவ முகமே நெனப்புல வர மாட்டேங்குது. தெனமும் அந்தப் படத்தப் பாத்துப் பாத்துத் தேடுறேன், வரல. புள்ள கிட்ட எப்படிச் சொல்ல?"

இந்தக் கொடுமைக்கா நான் இத்தன வருசம் பொசுங்குனேன்? அவள நெஞ்சுல வச்சுக் கும்புடுறாருன்னுல்ல நெனச்சேன்! புள்ளயப் பெத்துக் குடுத்துட்டுப் போனவளுக்கே இந்தக் கதின்னா என் கதி என்ன? முந்தானைய இழுத்து மூக்க மூடிக்கிட்டேன்.

"சரி, கண்ண மூடுங்க. எனக்கு எந்தப் பக்கம்?"

ஒத்தக் கண்ணத் தொறந்து பாக்கப் பாத்தாக. "மூடுங்கங்குறேன்ல!"

யோசிச்சாக. ரோட்டுல மதுரை பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே போற வரைக்கும் யோசிச்சாக.

"எடது."

முந்தானைய விட்டேன். வலது பக்கம். பெரிய கடைவீதியில அவுகளே கூட வந்து வாங்கிப் போட்டது.

அந்தப் பொம்பளைக படம் அம்புட்டையும் அழிச்சேன். சாயங்காலம் செல்வி வந்தா. ஒளிக்காம சொல்லிட்டேன்: "உங்கம்மா முகம் மிஷினுக்கும் தெரியலத்தா, உங்கப்பாவுக்கும் தெரியல. கண்டவ முகத்த வச்சு உன்னைய ஏமாத்த எனக்கு மனசு வரல." ஏமாத்தப் பாத்ததையும் சேத்தே சொன்னேன். அவ அழுகல. அந்த மங்கல் படத்தையே ரொம்ப நேரம் பாத்தா.

"அப்ப இப்படியே போடும்மா. இதாச்சும் நெசம்."

அப்படியே போட்டேன். மேல, ஆளுயரத்துக்கு, மடியில புள்ளையோட. ஓரத்துல மல்லிகைப்பூ வரைஞ்சதும் நான்தான். பொறாமை போச்சான்னு கேட்டா, முழுசாப் போகல, கருவாடு இன்னும் வாங்கல. ஆனா இப்ப வெளக்குப் பொருத்துறப்ப வையுறதில்ல. அவளும் என்னைய மாதிரி ஒருத்திதான.

அன்னைக்கு வீட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னால மூஞ்சியக் கழுவி, பவுடர் போட்டு, படம் எடுக்குற உள் ரூமுல வெளக்குக்கு நேராப் போயி ஒக்காந்தேன். அண்ணாச்சி கேமராவோட வந்து, "என்னத்தா திடீர்னு?"ன்னாரு.

"என்னைய ஒரு படம் எடுங்க அண்ணாச்சி. பெறகு என் முகத்தையும் மிஷினுல போட்டுத் தேடுற மாதிரி மங்கலா எடுத்து வச்சுராதீக. வலது பக்க மூக்குத்தி நல்லாத் தெரியட்டும்."