அரைப் பங்கு

கம்பெனிச் சங்கு ஊதியதும் கங்கம்மாள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த இரும்புத் தொழிற்சாலைகளில் ஒன்று அது. கரி அப்பிய முகங்களோடு ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வரதன் இல்லை. தூங்கிவிட்ட சின்னவளை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"வரதன் சம்சாரம்தான நீ?" என்றார் வாட்ச்மேன். "உன்னியப் பாத்ததும் பின்னால வேலிய எகிறிப் பூட்டான்மா. மத்த நாள்ல மூட்டை தூக்கச் சொன்னா முட்டி வலிங்கறான். சம்பளத்தன்னிக்கு மட்டும் இன்னா தாண்டு தாண்டறான்."

அவள் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்.

வரதன் அவளை விட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. கம்பெனி வேலை, கம்பெனிக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, அந்த வீட்டில் வேறொருத்தி. பொன்னேரி கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். மாதம் நாற்பது ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. முதல் மாதம் மட்டும் கட்டினான். வாரண்டு எடுத்துக்கொண்டு போன போலீஸ்காரர், ஆள் அகப்படவில்லை என்று திரும்பி வந்தார். மறுபடி மனுப் போடலாம் என்றார் வக்கீல். அதற்கும் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு விற்க அவளிடம் மூக்குத்திகூட மிச்சமில்லை.

ரயிலும் பஸ்ஸும் மாறிப் பழவேற்காடு வந்து சேர்ந்தபோது, கரையில் படகோடு காத்திருந்தான் அண்ணன் தேசப்பன். ஏரிக்கு நடுவே இருக்கிற அவர்கள் குப்பத்துக்குப் படகில்தான் போகவேண்டும்.

"துட்டு குடுத்தானா?"

"வேலி தாண்டிட்டானாம்ணா."

தேசப்பன் கழியை ஊன்றித் தள்ளினான். அவன் வீட்டில் நான்கு பிள்ளைகள். அவன் பிடிக்கிற இறாலில்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது. அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தம் மட்டும் வரவரக் கூடிக்கொண்டு வந்தது.

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது குப்பத்தின் வழக்கம். அந்த முறையைப் பாடு என்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பங்கு. வரதன் வலையைத் தொட்டு மூன்று வருடம் ஆனாலும் பங்கு அவன் பேரில்தான் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, சீட்டுப் போடுகிற அன்று, சலவைச் சட்டையோடு வந்து இறங்குவான். தன் பாட்டை இன்னொருத்தனுக்கு விற்றுக் காசை வாங்கிக்கொண்டு போவான். மனைவி இருக்கிற பக்கம் திரும்பமாட்டான்.

குப்பத்துப் பெரியதனக்காரர் துலுக்காணத்திடம் அண்ணனும் தங்கையும் போய் முறையிட்டுப் பார்த்தார்கள். "புருசன் செத்தவளுக்கு அரைப் பங்கு. அது எங்க தாத்தன் காலத்துலேர்ந்து கீது," என்றார் அவர். "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்குன்னு ஒண்ணும் வெக்கலியே தாயி. நான் இன்னா பண்றது?"

இப்போது படகில் போகும்போது கங்கம்மாளுக்கு அது நினைவு வந்தது. "அவன் செத்தாலாவது அரைப் பங்கு வரும். இருந்து இன்னா பிரயோசனம்?" என்றாள். கால் வலிக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள்.  அண்ணனின் கழி ஒரு கணம் சேற்றிலேயே நின்றது.

அடுத்த சீட்டுக்கு வரதன் வந்தான். வழக்கம்போலப் பாட்டை இன்னொருத்தனுக்கு விற்றான். அங்கேயே கொஞ்சம் குடித்தான். திரும்பிப் போக வேறு படகு இல்லை. "ஏறு மச்சான், நான் வுட்டுட்டு வரேன்," என்று தேசப்பன் கூப்பிட்டபோது கங்கம்மாள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். மச்சான் என்று அவனை அண்ணன் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

உச்சி வெயிலில் தேசப்பன் தனியாகத் திரும்பினான். தலை வரை நனைந்திருந்தான். "தவறித் தண்ணியில வுயுந்துட்டான்," என்றான். முழங்கைக்குக் கீழே நகக் கீறல்கள் இருந்தன. அவன் சொன்ன இடத்தில் பிள்ளைகள் தண்ணீரில் நடந்துபோய் நண்டு பிடிப்பார்கள் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.  துலுக்காணம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "அவன் நேரம்," என்றார். பெண்கள் வந்து கங்கம்மாளின் வளையல்களை உடைத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. அன்று அண்ணி சத்தமில்லாமல் தட்டு வைத்தாள்.

பிணம் ஒதுங்கிய மறுநாள் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். ஏரியைப் பார்த்திராத இளைஞர். பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார். படகில் அவரும் ஒரு ஏட்டும் ஏறினார்கள். கங்கம்மாளையும் ஏறச் சொன்னார். தேசப்பன் கழி போட்டான்.

"இங்கதான் சார்."

"தண்ணியிலயே பொறந்து வளந்தவன் எப்படி முழுகிச் சாவான்?"

"குடிச்சிருந்தான் சார்."

"உன்னைக் கேக்கல." சப் இன்ஸ்பெக்டர் கங்கம்மாளின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இங்க ஆழம் எவ்வளவு? பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் பேசி வச்சிப் பண்ணீங்கன்னுதான் எழுதுவேன். புள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு சார்."

தண்ணீருக்கடியில் பாசி அசைவது தெரிந்தது. முதலில் சொன்னது நான்தானே என்று நினைத்தாள். அவன் செய்தான், சொன்னது நான். உண்மையைச் சொன்னால் அண்ணன் போவான், இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். பொய் சொன்னால் ஒருவேளை ஒருவரும் போகமாட்டார்கள். ஒருவேளை இருவருமே போவார்கள். அவளுக்கு எங்காவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"ஆழம்..." என்று தொடங்கினாள்.

படகு ஆடியது. ஏட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தேசப்பன் கழியைப் படகுக்குள் கிடத்திவிட்டு, கரையில் இறங்குவதைப்போலச் சாதாரணமாக ஏரியில் இறங்கினான். தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. வேட்டி உப்பி அவனைச் சுற்றி மிதந்தது.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான். தங்கையைப் பார்க்காமல் சொன்னான்.

 கழி போட ஆளில்லாத படகைக் காற்று மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று. தேசப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். வரவர அவன் சிறியவனாகிக்கொண்டிருந்தான். "யாராவது திருப்புங்களேன்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். கங்கம்மாள் எழுந்து கழியைக் கையில் எடுத்தாள். ஈரம் சொட்டியது. அதை எந்தப் பக்கம் ஊன்றுவது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.