இருபத்திரண்டு பேரும் வந்தார்கள்

என் வீட்டுக்காரர் ஊரையே எதிர்த்துக் கொண்டுவந்த விதி, கடைசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றபோது முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் அழுததும் நானே என்பதால், அந்தச் சிரிப்பை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

அவர் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது. அலுவலகமும் கிடையாது, எங்கள் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். தலைவர் என்று ஒருவர் உண்டு, ஆண்டு விழாவில் கோப்பையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள வருவார். பொருளாளர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மற்றபடி கிளப் என்றால் இவர், இவர் என்றால் கிளப். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறேன்; வீட்டுக்கு வந்தால் கிளப்புக்கு எழுதுகிறேன். கையெழுத்து நன்றாக இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்த விதி இதுதான். எங்களிடம் பயிற்சி பெற்ற பிள்ளையை வேறு கிளப் கூட்டிக்கொண்டு போனால், பயிற்சி கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று எங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். தராவிட்டால் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து விழாது. கடிதம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வேறு கிளப்பில் பந்தைத் தொட முடியாது. நியாயம் இல்லாத விதி என்று சொல்லிவிட முடியாது. ஏழு வயதில் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் வரும் பிள்ளைக்கு நாங்கள் எல்லாம் சொல்லிக்கொடுப்போம். பதினைந்து வயதில் பெரிய கிளப்காரன் காரில் வந்து இறங்கி, நோகாமல் தூக்கிக்கொண்டு போவான். 'நாம என்ன அவனுக்கு வளர்த்துக் குடுக்கறதுக்கா இருக்கோம்?' என்று இவர் மேசையைத் தட்டுவார். தட்டும்போதெல்லாம் என் தட்டு ஆடும்.

எத்தனை நாள் பயிற்சி என்று எப்படித் தெரியும்? வருகைப் பதிவேடு இருக்கிறதே. அதை எழுதும் அழகைச் சொல்ல வேண்டும். தினமும் மைதானத்தில் பேர் கூப்பிட்டு எழுதுவதற்கு அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவார், நான் எதிரே பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்காருவேன், ஒரு வாரத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்போம்.

"திங்கக்கிழமை?" என்பேன்.

"இருபத்திரண்டு பேரும் வந்தாங்க."

"செவ்வாய்?"

"இருபத்திரண்டு பேரும்."

இப்படியே சனிக்கிழமை வரைக்கும் போகும். காரணம் ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை. தினமும் இருபது பிள்ளைகளுக்குக் குறையாமல் வரும் கிளப்புக்குத்தான் மைதானம் என்று நகராட்சி சொல்லியிருந்தது. மழை பெய்யும், பரீட்சை வரும், காய்ச்சல் வரும். எங்கள் பதிவேட்டில் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் எந்த நாளும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. மைதானம் எங்கள் கையில் இருந்தது. அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று நானும் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

எங்கள் மகளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதாகி என்னைவிட உயரமாகியும் அந்தப் பேர் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலை உடைத்துக்கொண்டு நாலு மாதம் சோபாவில் கிடந்தாள். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை டிக் விழுந்தது. "அம்மா, சோபாவுல இருந்தே ப்ராக்டீஸ் பண்ணேனா?" என்று கேட்டாள். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "செயலாளர் பொண்ணே வரலைன்னு எழுதினா மத்தவங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

போன வருஷம்தான் அந்த விதி முதல் முறையாக ஒரு பிள்ளைமேல் பாய்ந்தது. பஸ் டிரைவர் ஒருவரின் மகன். ஸ்பிரிங் என்று பேர். உயரத்தில் வரும் பந்தை எல்லோருக்கும் மேலே எம்பித் தலையால் முட்டுவான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து கிளப் அவனைக் கேட்டது. இவர் மூன்று வருஷப் பதிவேட்டைப் பிரித்து, நாள்வாரியாகப் பில் தயாரிக்கச் சொன்னார். நான்தான் எழுதினேன். ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்குகிற தொகை வந்தது. அந்த கிளப், பையன் நல்ல பையன்தான், ஆனால் ஸ்கூட்டர் விலைக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா சார்?" என்று கேட்டார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். விதி விதிதான்" என்றார் இவர். டிரைவர் பில்லின் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஸ்பிரிங் மைதானத்துக்கே வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும், லீவு நாளிலும் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். பணத்தைக் கேட்டு அந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. இவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும், டிரைவரைக் கூப்பிட்டுக் கமிட்டியில் ஓர் இடம் கொடுத்தார். அந்த மனிதர் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். முதல் நாள் வந்தபோது என்னிடம், "உங்க ரிஜிஸ்டர் மட்டும் இல்லேன்னா எனக்கு உண்மை தெரிஞ்சே இருக்காது தங்கச்சி. மத்த பிள்ளைங்களாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றார். எந்த உண்மை என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் வாண்டுக்கு அழைப்பு வந்தது. நகரத்திலேயே பெரிய கிளப். தங்குமிடம், படிப்பு எல்லாம் அவர்கள் செலவு. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கத்தினாள். கடிதத்தின் கடைசி வரியை அவள் படிக்கவில்லை. 'பயிற்சி நஷ்டஈடு எதுவும் எங்களால் தர இயலாது. பதினைந்தாம் தேதிக்குள் விடுவிப்புக் கடிதம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.'

இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து வருஷம், வாரம் ஆறு நாள், ஒரு நாள்கூடத் தவறாத மகா ஒழுங்கான பெண். இரண்டு ஸ்கூட்டருக்கு மேல் வந்தது. அப்போதுதான் நான் சிரித்தேன்.

"சிரிக்கற நேரமா இது?" என்றார்.

"நீங்கதானே கையெழுத்துப் போடணும். போட்டுடுங்க."

"நான் மட்டும் போட்டா ஆகாது. மூணு பேர் போடணும். அதுவும் நான்தான் விதியில எழுதி வெச்சேன்."

பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை எங்கள் மேசையில் கமிட்டி கூடியது. இவர், கண்ணாடிக்கடைக்காரர், டிரைவர். நான் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன். வாண்டு உள்ளறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இவர் தொண்டையைச் செருமினார். போன வருஷம் மேசையைத் தட்டிய கை இப்போது மேசை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தது. முழுதாக விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லையாம். கணக்கைக் கொஞ்சம் சரிபார்க்கலாமாம். தொகை குறைந்தால் அதைத் தானே கட்டிவிடுவாராம். "ஏன்னா, பாப்பா உண்மையில அவ்வளவு நாள் வரலைங்க."

கண்ணாடிக்கடைக்காரர் பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு நாள்கூடத் தவறலையே சார்."

"கால் ஒடஞ்சு நாலு மாசம் கெடந்தாளே, மறந்துட்டீங்களா?"

"எனக்கு ஞாபகம் இருக்கு. ரிஜிஸ்டருக்கு இல்லையே. அந்த நாலு மாசமும் டிக் இருக்கு."

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அதெல்லாம் சும்மா போட்டதுங்க. நகராட்சிக்காக. ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தமாப் போடறதுதான். நமக்குள்ள என்ன?"

டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்கு மட்டும் அப்படியா சார், எல்லாப் பிள்ளைங்களுக்குமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"எம் பையனுக்குமா?"

"எல்லா கிளப்புலயும் நடக்கறதுதான் டிரைவர்..."

"போன வருஷம் பள்ளிக்கூடம் தொறந்த ரெண்டாவது வாரம். புதன்கிழமை." அவர் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு எம் பையன் கிரவுண்டுக்கு வந்தானா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"எனக்கு மாலை ஷிப்ட். எம் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரில டியூட்டி. திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் சின்னதை அவன்தான் பார்த்துக்கணும். அப்ப அதுக்கு ரெண்டு வயசு. அந்தப் புதன்கிழமை கட்டில்ல இருந்து விழுந்து நெத்தியில நாலு தையல். 'பக்கத்துலதான்ப்பா இருந்தேன், புரண்டு விழுந்துட்டா'ன்னான். நம்பினேன். அப்புறம் உங்க பில் வந்துச்சு. நாள் போட்டு, தேதி போட்டு, அழகா. அந்தப் புதன்கிழமைக்கும் ஒரு டிக். மூணு வருஷத்துல எந்தத் திங்களும் விடல, எந்த வெள்ளியும் விடல."

டிரைவர் நிறுத்தாமல் தொடர்ந்தார். "நான் என்ன நெனப்பேன்? கொழந்தையை உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஆடப் போயிருக்கான்னு நெனச்சேன். பெல்ட்டைக் கழட்டினேன். அவன் பூட்ஸைக் குப்பை வண்டியில போட்டேன். 'இல்லப்பா, இல்லப்பா'ன்னு அழுதான். எழுத்துல இருக்கே, இன்னும் பொய் சொல்றியான்னு இன்னும் ரெண்டு வெச்சேன். ஒரு வருஷமா நான் அவன்கூடப் பேசறதில்ல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். நாங்கள் அந்தப் பிள்ளையின் ஆட்டத்தைத்தான் கெடுத்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவே எனக்குப் போதுமான பாவமாக இருந்தது.

"நான்தான் எழுதினேன், அண்ணே," என்றேன். "அவர் சொன்னார், நான் போட்டேன். அன்னைக்கு யார் வந்தா, யார் வரலைன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'போதும்' என்றேன். கல்யாணமான இருபது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

டிரைவர் பேனாவை எடுத்தார். விடுவிப்புக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தொகை எழுத வேண்டிய கட்டத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "பாப்பா போகட்டும். அது என்ன பண்ணுச்சு?" என்றார். கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றுவிட்டது. கண்ணாடிக்கடைக்காரரும் போட்டார். இவர் கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். டிரைவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது தங்கச்சி? அவன்கிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் கண்ணாடிக்கடைக்காரர், "இதை மினிட்ஸ்ல எப்படி சார் எழுதறது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

டயர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. டிரைவர் முன்னால் நடந்தார். ஸ்பிரிங் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். டிரைவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் சொன்னேன். பூசி மெழுகாமல், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நீ வராத நாளெல்லாம் வந்ததாக எழுதியது என் கைதான் என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அங்க இல்லையே."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக அழுதிருப்பேன். கையிலிருந்த தண்ணீரைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாண்டுக்கு லெட்டர் கெடச்சிருச்சா?" என்று கேட்டான்.

"கெடச்சிருச்சு. உங்கப்பாதான் முதல்ல கையெழுத்துப் போட்டார்."

"நல்லது" என்றான். அவன் அப்படித்தான் சொன்னான். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

டிரைவர் உள்ளே வந்தார். எண்ணெய்ப் பிசுக்கைப் பார்க்காமல் மகன் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் புதன்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்லுடா."

"அப்பவே சொன்னேனேப்பா."

"இன்னொரு தடவ சொல்லு. அன்னைக்கு நான் கேக்கல."

ஸ்பிரிங்கின் உதடு கோணியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தங்கச்சிப் பாப்பாவுக்குச் சோறு ஊட்டியதிலிருந்து மெல்ல மெல்லச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. தெருவில் இறங்கி நடந்தேன்.