பட்டின்மேல் படிந்த இரும்பு

கமண்டல நாகநதியின் மணற்பரப்பைத் தழுவிவந்த ஐப்பசி ஈரக்காற்று ஆரணி நகரின் ஓட்டுக்கூரைகளை வருடிச் செல்ல, இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் எஞ்சிய துளிகள் இறவாரங்களினின்று முத்தெனச் சொட்ட, அதனை அடுத்த சேவூரின் நெசவாளர் தெருவொன்றில் பொழுது மெல்லப் புலர்ந்துகொண்டிருந்தது. வயல்களில் நெற்பயிர் நீர்மேல் தலைநீட்டி நிற்க, வேலூர் செல்லும் முதற்பேருந்து சேற்றை வாரி இறைத்தபடி கடக்க, வீடுதோறும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கத் தொடங்கின. படிக்கும் பெருமக்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் அம்மழைக்காலத்தில், அத்தெருவின் அடுத்தடுத்த இரு வீடுகளிடையே நிகழ்ந்ததொன்றையே இங்குக் கூறப் புகுந்தோம்.

முதல் வீட்டினன் தணிகாசலம். விசைத்தறிகளின் பழுது நீக்கி வாழ்பவன். இளமையில் கண்ணமங்கலம் சாலையில் புகை கக்கி ஊர்ந்த நீராவிச் சாலையுருளையைக் கண்டு நெஞ்சைப் பறிகொடுத்தவன், அதன் சிற்றுருவைத் தன் கையாலேயே ஆக்கிவிட வேண்டுமென்று வீட்டின் பின்புறத்தே பட்டறை அமைத்து, ஓய்ந்த வேளையெல்லாம் அதற்கே ஈந்துவந்தான். கொதிகலன் முடிந்தது, உருளைகளும் முடிந்தன, பின்னுருளையை இயக்கும் பெரிய பற்சக்கரம் மட்டும் எஞ்சிற்று. அது தன் கடைசல் பொறிக்குள் அடங்காத அகலமுடையதாகலின், அண்டைச் சுவரை ஒட்டிய கொட்டகையில் தனித்தாங்கி ஒன்று நாட்டி, வட்டத்தைச் சமமாய்ப் பங்கிடும் துளைத்தட்டின் துணையோடு பல் பல்லாய் வெட்டலானான். ஒரு பல்லில் நேர்ந்த சிறுபிழையும் வளர்ந்து வளர்ந்து இறுதிப் பல்லில் வந்து இளிக்குமாதலின், மூச்சையும் அடக்கியே வெட்டினான். அச்சக்கரத்தின் வார்ப்பிரும்போ எண்ணெயின்றி உலர்வாகவே வெட்டத்தக்கது. அதன் கழிவு சுருளாய் விழாது, கண்மையினும் நுண்ணிய பொடியாய்ப் பறந்து தொண்டையை அடைக்கும். அதற்கஞ்சி அவன் மின்விசிறி ஒன்றை அருகில் நிறுத்தி, அப்பொடியைச் சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட திறப்பின் வழியே வெளியேற்றினான். அத்திறப்புக்கு அப்பால் என்ன இருந்ததென்பதை அவன் எண்ணிப் பார்த்தானல்லன்.

அப்பால் இருந்தது விருத்தாம்பாளின் தறி. கணவனை இழந்து, கைத்திறனையே துணையாய்க் கொண்டு வாழ்ந்த அவள், தணிகாசலத்தை உடன்பிறந்தானாகவே கருதியவள். வெற்றிலை மெல்லுதல் ஒன்றே அவள் தனக்கென வைத்துக்கொண்ட இன்பம். அந்நாளில் அவள் தறியில் சந்தன வண்ண மணப்பட்டொன்று வளர்ந்துவந்தது. நெய்து முடித்து அதனைப் பட்டு வணிகர் துரைக்கண்ணுவிடம் ஒப்படைத்த சின்னாட்களில், அவர் சினத்தால் சிவந்த முகத்தினராய் அவள் வாயிலில் வந்து நின்று, ஊரார் காண அப்புடைவையை விரித்தார். உடலெங்கும் செம்பழுப்புப் புள்ளிகள் அம்மைபோற் பூத்திருந்தன.

“இன்னாமா இது? வெத்தலய மென்னுகினே நெய்தியா? கண்ணாலப் பொடவம்மா! பொண்ணு வூட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?”

“சாமி சத்தியமா, தறியில உக்காந்தா வெத்தலயத் தொடவே மாட்டேங்க.”

கூடியிருந்தோருட் சிலர் நகைத்தனர். வணிகர் கூட்டத்தில் நின்ற தணிகாசலத்தை அழைத்தார். “நீயே சொல்லுப்பா. கறையெல்லாம் பாத்துப் பழகன ஆளு. இது வெத்தலக் கறைதானே?”

அவன் விரலால் ஒரு புள்ளியைத் தடவினான். நறநறவென்றது. நாள்தோறும் தன் உள்ளங்கையில் உணர்ந்த அதே நறநறப்பு! பட்டில் படிந்த இரும்புப்பொடி மழைக்கால ஈரத்தில் துருவேறியதென்பது மின்னற்பொழுதில் விளங்கிற்று. விளங்கிய அக்கணமே, பழி தன் தலைமேல் விழுமென்னும் அச்சமும், பாதியில் நிற்கும் சக்கரத்தின் நினைவும் ஒருங்கே எழுந்து அவன் நாவைத் திரித்தன.

“பாத்தா... அப்டித்தாங்க தெரியுது.”

விருத்தாம்பாள் அவனை வெறித்து நோக்கினாள். அந்நோக்கில் ஐயம் இருந்தது, ஆனால் அவன்மேலன்று. “அப்டியாடா தம்பி? எனக்கே தெரியாம தெறிச்சிருக்குமோ?” என்றாள்.

அன்றுமுதல் துரைக்கண்ணு நெய்வதற்கான பாவு நூலை அவளுக்குத் தருவதை நிறுத்தினார். அவள் வெற்றிலையை அறவே விட்டாள். பிறர் வீடுகளில் நூல் சுற்றி வயிறு வளர்த்தாள். தணிகாசலத்தின் மனைவி பரிமளா, துவைத்துக் காயவைத்த அவன் உள்ளாடையில் அதே செம்பழுப்புப் புள்ளிகளைக் கண்டு அவன்முன் நீட்டினாள்.

“இன்னாங்க இது? அந்தப் பொடவயில இருந்த மாதிரியே இருக்குது.”

“வாய மூடிகினு உள்ள போ,” என்றான் அவன். பின்னர்க் கொட்டகைக்குச் சென்று, ஒருவருமறியாமல் விசிறியை மறுபுறம் திருப்பிவைத்து, எஞ்சிய பற்களை வெட்டினான். ஒவ்வொரு பல்லும் பிழையின்றி அமைந்தது. ஒவ்வொன்றும் அவனைக் கூசவைத்தது.

பொங்கலன்று அச்சிறுபொறி தெருவில் ஓடிற்று. வெண்ணீராவி சீற, பெரிய பற்சக்கரம் சிறியதனோடு கைகோத்தாற்போல் ஓசையின்றிச் சுழல, ஊர் திரண்டு வியந்தது. துரைக்கண்ணுவே துண்டு அணிவித்துப் பாராட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த விருத்தாம்பாள், மகிழ்ச்சியால் முகம் மலர, “எங்க தெருப் புள்ள பண்ணது! உன் கை சுத்தம்டா தணிகா!” என்று அவன் கைகளைப் பற்றினாள்.

அந்தப் பிடியைத் தாங்க அவனால் இயலவில்லை. கைகளை விடுவித்து நீராவியை அடைத்தான். பொறி நின்றது; அனைவரும் அவனை நோக்கினர்.

“அக்கா, அந்தப் பொடவயக் கெடுத்தது நீ இல்ல. நான் வெட்டன இரும்புத் தூளு. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் அப்டிச் சொன்னேன்.”

அவள் மெல்லக் கூறினாள்: “தூளு காத்துல வந்திச்சி, அத யாரு இன்னா பண்ண முடியும்? அந்த வார்த்த உன் வாயிலருந்து தானே வந்திச்சி! இத்தினி நாளா என் கையையே நான் நம்பாம இருந்தேன்டா.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தலைகுனிந்து நின்ற துரைக்கண்ணு மறுநாட் காலையில் தாமே பாவு நூலைச் சுமந்து சென்று அவள் வாயிலில் வைத்து மன்னிப்பு வேண்டினார். தறி மீண்டும் ஒலித்தது. தணிகாசலமும் துணிவை வரவழைத்துக்கொண்டு ஒருநாள் அவள் வீட்டுள் நுழைந்தான்.

“வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள் அவள்.

குரலில் கடுமையில்லை, முகத்தில் பகையில்லை. வைதிருப்பின் தலைவணங்கி ஏற்றிருப்பான். அம்மதிப்பை ஏற்கவோ அவனுக்கு வலிமையில்லை. உண்மையைக் காலந்தாழ்த்தி உரைப்பவன் பழியினின்று நீங்கலாம். இழந்த உறவைப் பெறுதல் அவன் கையில் இல்லை. அதன்பின் அவள் வாழ்ந்த ஆண்டுகள் பல. எதிர்ப்பட்ட போதெல்லாம் நலம் கேட்டாள், நல்ல நாட்களில் பண்டம் அனுப்பினாள். ஆயினும் ‘டா’ என்னும் அவ்வோரெழுத்து அவனுக்காக அவள் நாவில் மீண்டும் எழவேயில்லை.