இருபத்து மூன்று நாள் தாமதமான அப்பா

நீதிபதி அனுதாபத்தோடு ஆரம்பித்தார். லோஷினி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். வக்கீல் மீனலோசனி லிஃப்டிலேயே சொல்லியிருந்தார்: “ஜட்ஜ் திட்டினா கவலைப்படாதீங்க. பாவம்னு சொன்னாத்தான் பயப்படணும்.”

லோஷினிக்கு வயது பத்தொன்பது. மலேசியாவின் லாபிஸில் பிறந்து, லாபிஸிலேயே படித்தவள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் ‘குடிமகள் அல்ல’ என்று இருந்தது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, நீல ஐ.சி. கேட்டு ஜொகூர் பாருவில் வழக்கு.

பிழை ஆடி மாதத்துடையது. அப்பா விஜயன், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த வாசுகிக்குத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார். நானூறு பேர் சாப்பிட்டார்கள். பதிவு அலுவலகம் கொடுத்த தேதியோ ஆடியில் விழுந்தது. ஆடியில் கையெழுத்தா என்று குடும்பமே கூடி அதை ஆவணிக்குத் தள்ளியது. லோஷினி ஆடியிலேயே பிறந்துவிட்டாள். அவளோடு யாரும் கலந்து பேசவில்லை. பதிவுத் திருமணப் படத்தில், அம்மா மடியில் இருபத்து மூன்று நாள் குழந்தையாக அவளும் இருக்கிறாள். குடும்பம் என்பதற்குச் சாட்சியாக அப்பா பெருமையோடு கொடுத்த படம். அரசாங்க வக்கீலுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நாடுதான் என்றார் அவர். தாயின் நாடோ இவளைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கடிதம் போட்டிருந்தது.

“என்னம்மா சொல்றாரு?” ஆங்கிலம் புரியாத அப்பா நீதிபதியைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

“பாவமாம்.”

“நல்ல மனுசன் லா.”

நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். அரசியலமைப்புக்கு விரிவாகப் பொருள் கொள்ளலாம், ஆனால் அதில் இல்லாததை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது. பிறந்த நிமிடத்தில் சட்டப்படி தந்தையாக இருப்பவரே தந்தை. மனு தள்ளுபடி.

“இப்ப என்ன?”

“நான் பொறந்தப்ப நீங்க எனக்கு அப்பா இல்லையாம். இருபத்து மூணு நாள் கழிச்சுத்தான் ஆனீங்களாம்.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஆஸ்பத்திரில உன்ன தூக்கிட்டு நின்னது யாராம்?”

அதைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை.

“அப்பீல் போடலாம்,” என்றார் மீனலோசனி. “அதுவரைக்கும் போலீஸ் கண்ணுல படாம இருங்க.”

ஊர் திரும்பும் வழியில், செனாய் தாண்டியதும் போலீஸ் சாலைத் தடுப்பு. முன்னால் ஆறு கார்கள், பிறகு மூன்று, பிறகு ஒன்றுமில்லை. லோஷினி சான்றிதழ் இருந்த கோப்பைத் தொடைக்கடியில் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். போலீஸ்காரர் அப்பாவின் நீல அட்டையைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார்.

“மகளா?” என்று மலாயில் கேட்டார்.

நேற்றுவரை அப்பா யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். இப்போது வாயைத் திறந்து, மூடினார். நீதிபதி சொன்னதற்கு மாறாகப் போலீஸிடம் சொல்லலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறுவது லோஷினிக்குத் தெரிந்தது. அப்பா, சொல்லுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

போலீஸ்காரர் குனிந்து இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மூக்கு அப்படியே இருக்கே,” என்று சிரித்துக் கையசைத்தார்.

அப்பா மெதுவாக வண்டியை எடுத்தார். லாபிஸுக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வழியில் யோங் பெங்கில் வழக்கமாக இன்னொரு தடுப்பு இருக்கும்.