நடு வட்டம்

மருதனார்மடத்துச் சங்கக்கடை மனேஜர் சோமசேகரத்துக்குச் சந்தேகம் தொழிலோடு ஒட்டிய குணம். மண்ணெண்ணெய் அளப்பவனின் கையையும் பார்ப்பார், வாங்க வந்தவரின் போத்தலையும் பார்ப்பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமே கிடைக்காத தொண்ணூற்றிரண்டில் அந்தக் குணத்துக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. வீட்டிலும் அவர் அப்படியேதான் இருக்கிறாரா என்று எவரும் விசாரிக்கவில்லை.

மனைவி மீனாம்பிகை மேல் சந்தேகம் விழுந்தது ஒரு காலைச் சாப்பாட்டில். புட்டு ஆறிவிட்டதென்று கத்தினார். வழக்கமென்றால் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்குள் போவாள், இவர் வென்ற மிதப்பில் சைக்கிளை எடுப்பார். அன்று அவள் அழவில்லை.

"புட்டிலைதான் கோபமோ, இல்லாட்டி வேறை ஏதுமோ?" என்று நிதானமாகக் கேட்டாள்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி அது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று பிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமைகளில் அவள் மானிப்பாய்க்குப் போய்வந்தாள். அங்கே மக்டலீன் என்ற ஓய்வுபெற்ற தாதி, மனம் குழம்பியவர்களை வீட்டில் இருத்திக் கதைப்பாராம். இந்தியாவில் படித்துவந்த வித்தையாம், பரிமாற்றப் பகுப்பாய்வு என்று பெயராம். ஒருவரோடொருவர் கதைப்பதைப் பிரித்துப் பார்ப்பதாம். வித்தையின் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. மக்டலீன் என்ற கிறிஸ்தவப் பெயர் நன்றாகவே நுழைந்தது.

அடுத்த நாள் மீனாம்பிகை சுளகிலிருந்த மாவில் மூன்று வட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கீறி மகள் பத்மாசினிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏ.எல். சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த பெண். தகப்பனோடு கதைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"மேலை இருக்கிறது எங்களுக்குள்ளை இருக்கிற தாய் தேப்பன். கீழை இருக்கிறது பிள்ளை. நடுவிலை..."

சோமசேகரம் நடுவில் இருப்பதைக் கேட்க நிற்கவில்லை. தகப்பன், பிள்ளை, இடையில் ஒன்று. பிதா, சுதன், ஆவி. கணக்குச் சரி. பெண்சாதியைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றுகிறார்கள்.

கையும் களவுமாகப் பிடிக்க அவர் செய்த காரியத்தை எந்தச் சைவக்காரனும் செய்யமாட்டான். வெள்ளிக்கிழமை ஒரு கோர்வை ஒட்டி மீன் வாங்கிவந்து குசினி வாசலில் வைத்தார். வேதக்கார வீடுகளில் வெள்ளிக்கு மீன் தாராளம் என்று அவருக்குத் தெரியும். இவள் சமைத்தால் சங்கதி வெளியே வந்துவிடும்.

"இண்டைக்கு வெள்ளியெல்லே. உங்களுக்கு என்ன நடந்தது?" என்றாள் மீனாம்பிகை. பத்மாசினி தகப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மீன் அடுத்த வீட்டுப் பூனைக்குப் போனது. மறைக்கவும் பழக்கியிருக்கிறார்கள் என்று சோமசேகரம் முடிவுகட்டினார். மனிதனுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்தானே வளரும்.

அடுத்த புதன்கிழமை மனைவிக்குத் தெரியாமல் மானிப்பாய்க்குச் சைக்கிள் மிதித்தார். மக்டலீன் வீட்டு வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, யன்னலுக்குக் கீழே பதுங்கினார். சங்கக்கடை மனேஜர் கள்ளன் மாதிரிக் குந்தியிருந்த அந்தக் கோலத்தை ஊர் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே செபமில்லை, பாட்டில்லை. மீனாம்பிகை ஒரு வெறுங்கதிரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஆவியோடுதான் கதைக்கிறாள் என்று நினைத்தார்.

"பத்மா, நீ துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போக நினைக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்."

சோமசேகரம் காதை யன்னலோடு ஒட்டினார்.

"இப்ப அந்தக் கதிரையிலை நீங்கள் இருந்து, மகளாய்ப் பதில் சொல்லுங்கோ," என்றார் மக்டலீன்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மீனாம்பிகையின் குரல் இளகி வந்தது. "போக முதல் அப்பாவோடை ஒருக்காக் கதைப்பம் எண்டு பாத்தன், அம்மா. அவர் விசாரிப்பார். கதைக்கமாட்டார்."

அவர் எழும்பிவிட்டார். யன்னலில் தலை தெரிந்தது. மீனாம்பிகை வாயைப் பொத்தினாள். மக்டலீன் மட்டும் திடுக்கிடவில்லை.

"அண்ணை, உள்ளை வந்து இருங்கோவன்."

உள்ளே போனவர் உட்காரவில்லை. வேதத்தைப் பற்றிக் கேட்க வந்தது மறந்துபோயிற்று. "அவளை நான் மறிக்கோணும். என்ன சொல்லி மறிக்கிறது?" என்றார்.

"அந்தக் கதிரையிலை மகள் இருக்கிறா எண்டு நினைச்சுச் சொல்லிப் பாருங்கோ."

"எங்கை வெளிக்கிட்டனி? ஆரைக் கேட்டு வெளிக்கிட்டனி? காலை முறிப்பன்..." சொல்லும்போதே நின்றுவிட்டார்.

"அது ஆற்றை குரல், அண்ணை?"

"என்ரை ஐயான்ரை. என்னைப் பெத்த தேப்பன்ரை."

"அது மேல் வட்டம். அந்தக் குரலுக்குக் கீழை என்ன கிடக்கு?"

"பயம்," என்றார்.

"அது பிள்ளை. ரெண்டும் உங்களுக்குள்ளைதான். நடுவிலை ஒராள் இருக்கிறார். உள்ளதைப் பாத்து, உள்ளதைச் சொல்லி, கேக்க வேண்டியதைக் கேக்கிறவர். அவர் வளந்தவர். மீனாம்பிகை இஞ்சை வாறது அவரைத் தேடித்தான்."

மனைவியைச் சைக்கிளில் ஏற்றித் திரும்பி வந்தவருக்கு, இதுவும் ஏதோ ஏமாற்றோ என்று வழியெல்லாம் ஒரு மனம் குடைந்துகொண்டே வந்தது.

பத்மாசினி முற்றத்தில் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். 'எங்கை வெளிக்கிடுறாய்' என்பது அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு. உன்ரை மனதிலை என்ன இருக்கு எண்டு எனக்குச் சொல்லுவியோ?"

அவள் நிமிர்ந்தாள். தகப்பனின் கண்தான் அவளுக்கும். அப்படியே சந்தேகத்தோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா என்ன சொன்னவ?"

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் யன்னலடியிலை நிண்டு ஒட்டுக் கேட்டனான். அது பிழை."

தன் பிழையை அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. காற்றடிக்கும் பம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"நாளைக்குச் சொல்லுறன்," என்றாள்.

நாளைக்கு இந்த வீட்டில் இருப்பேன் என்கிறாளா, அல்லது என் வாயை அடைக்க அப்படிச் சொல்கிறாளா? கேட்டால் விசாரணை ஆகிவிடும்.

"ஓம் பிள்ளை," என்றார். பிறகு, அவள் காற்றடித்து முடிக்கும்வரை, அந்தச் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.