நீலக்கால் நண்டு

வலை பின்னியே நரைத்த பொன்னுரங்கம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரோஷா ஊசியைப் பிடித்து, நீலக் கம்பளி நூலில் ஒரு நண்டு பின்னினார். பழக்கதோஷத்தில் வலைக்கு விடுவதுபோலவே பெரிய பெரிய கண்ணாக இடைவெளி விட்டுவிட்டார். திணித்த பஞ்சு பிதுங்கியது.

"இன்னாய்யா, தண்ணி வடியறதுக்கு ஓட்டை வுட்டுகினு கீறியா?" என்று மனைவி மங்கம்மா கைகொட்டிச் சிரித்தாள்.

ரோஷம் வந்துவிட்டது. அத்தனையையும் பிரித்து, நெருக்கிப் பின்னி, பஞ்சை அடைத்துத் தைத்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் அவள் விற்கும் நண்டுக் கூறில் சத்தமில்லாமல் வைத்தார்.

வாங்க வந்த அம்மாள் பேரத்திலேயே கண்ணாக, கூறைப் பாராமல் ஒவ்வொரு நண்டாக வயிற்றை அமுக்கினாள். "எல்லாம் தண்ணி. இது ஒண்ணுலதான் சதை கீது. இதே மாதிரி நாலு போடு!"

மங்கம்மா அந்தக் கம்பளி நண்டைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். தெருவே திரும்பும்படி கத்தினாள்: "யோவ், இன்னும் நாலு பின்னுய்யா!"